விலைக்கு வாங்கியதா? வாடகைக்கு எடுத்ததா?

(பள்ளிவாசல் படிப்பகம் ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், இளைஞர்களும் வணிகர்களும் திரளாகக் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

   

எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இந்தப் படிப்பகத்தின் நிர்வாகிகள் மூன்று மாதமாகத் தீர்க்க முடியாமல் வைத்திருக்கும் ஒரு வழக்கு. அதை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகிறேன்.

நம்மில் ஒரு வணிகச் சகோதரர், மறைந்த தம் வாப்பாவின் பேரில் ஸதகத்துல் ஜாரியாவாக, அதாவது நிலைத்து நிற்கும் தர்மமாக, ஐம்பதாயிரம் ரூபாய் தந்தார். "படிப்பகத்திற்குப் புத்தகம் வாங்குங்கள்" என்று மட்டும் சொன்னார். உடனே விவாதம் ஆரம்பமாகிவிட்டது! இளைஞர்கள் சொன்னார்கள்: "இந்தக் காலத்தில் யார் காகிதப் புத்தகம் வாங்குவார்கள்? மூன்று நான்கு வாசிப்புக் கருவிகளை வாங்குவோம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான நூல்கள் அடங்கும். அலமாரி வேண்டாம், தூசு தட்ட வேண்டாம், கரையான் பயமில்லை." பெரியவர்கள் சொன்னார்கள்: "அவர் புத்தகம் வாங்கத்தான் பணம் தந்தார், மெஷின் வாங்க அல்ல." இரண்டு தரப்பும் பேசி ஓய்ந்து, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "ஹஜ்ரத், நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார்கள்.

நான் மதரஸாவில் ஓதியவன். பழுத்த காகிதக் கித்தாபுகளுக்கு நடுவே வளர்ந்தவன். அதனால் பெரியவர்கள் பக்கம்தான் பேசுவேன் என்று இளைஞர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். அவசரப்படாதீர்கள்! இதோ என் பையில் அந்தக் கருவி ஒன்று இருக்கிறது. நான்கு வருடமாக என்னோடு பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்கிறது. இரண்டு பக்கத்தையும் அறிந்தவனாகத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இது என்ன கருவி?

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது செல்போன் அல்ல. செல்போனின் திரை விளக்கைப் போல நம் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடிக்கிறது. இதன் திரை அப்படியல்ல. தலைமுடியின் தடிமன் அளவுள்ள நுண்ணிய குமிழிகள் இதில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்சாரத்தைச் சற்று மாற்றினால் கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை மேலே வரும். அப்படித்தான் எழுத்து உருவாகிறது. பக்கம் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும். இந்த மின்மைக்காக அமெரிக்காவில் 1997ல் தனி நிறுவனமே தொடங்கினார்கள். 2004ல் ஜப்பானில் சோனி நிறுவனம் இந்தத் திரையோடு வாசிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2007ல் அமேசானின் கிண்டில் வந்தது. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் நூல்களும் முறையாக விற்பனைக்கு வந்தன.

கருவி நல்ல கருவி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி கருவியைப் பற்றியது அல்ல. கருவிக்குள் இருக்கும் நூலைப் பற்றியது. அந்த நூல் யாருக்குச் சொந்தம்?

வணிகர்களே, பத்திரத்தைப் படியுங்கள்!

ஒரு கடையை விலை பேசப் போகிறீர்கள். உரிமையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டுகிறார். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். கிரயப் பத்திரமா, குத்தகைச் சீட்டா என்று முதலில் பார்ப்பீர்கள். கிரயம் என்றால் கடை உங்களுடையது. விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், வக்ஃபு செய்யலாம். குத்தகை என்றால் உட்கார்ந்து வியாபாரம் செய்யலாம், அவ்வளவுதான். விற்க முடியாது. நிபந்தனையை மீறினால் காலி செய்ய வேண்டியதுதான்.

மின்னூல் கடையில் "வாங்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துகிறோம், பணம் போகிறது, நூல் வந்து விழுகிறது. வாங்கிவிட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தை யாராவது படித்தோமா? கிண்டில் கடையின் ஒப்பந்தமே சொல்கிறது: இந்த நூல் உங்களுக்கு விற்கப்படவில்லை, படிப்பதற்கு உரிமம் மட்டுமே தரப்படுகிறது, இதை நீங்கள் விற்கவோ, வாடகைக்கு விடவோ, வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ கூடாது. பேச்சு கிரயப் பேச்சு. பத்திரம் குத்தகைப் பத்திரம்!

இது என் கற்பனை அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. 2024ல் நிறைவேறி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால், அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்காமல் "வாங்கு" என்ற சொல்லைப் போடாதே என்று அந்தச் சட்டம் வியாபாரிகளுக்குச் சொல்கிறது. சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று நாம் ஓதியிருக்கிறோம் அல்லவா? அதே நியாயத்தை இன்று ஒரு மாநிலச் சட்டமன்றம் மின்வணிகத்துக்குச் சொல்கிறது.

அச்சுப் புத்தகத்தின் நிலை என்ன? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையாக அச்சிட்டு விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு பிரதியை நீங்கள் மறுபடி விற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர் எந்தப் பதிப்பகத்திடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அவர் சரக்கு, அவர் விற்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன்

"ஹஜ்ரத், ஒப்பந்தத்தில் ஆயிரம் எழுதுவார்கள். யார் வந்து நம் நூலைப் பிடுங்கப் போகிறார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பிடுங்கியிருக்கிறார்கள், தம்பி!

2009 ஜூலை மாதம். அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்தவர்கள் ஒரு நாள் கருவியைத் திறந்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய நூல் காணாமல் போயிருந்தது. எந்த நூல்? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' என்ற இரண்டு நூல்கள். '1984' எதைப் பற்றிய நாவல் என்று படித்தவர்களுக்குத் தெரியும். குடிமக்களை ஓயாமல் கண்காணித்து, பழைய பதிவுகளை அழித்து, வரலாற்றையே மாற்றி எழுதும் ஓர் ஆட்சியைப் பற்றியது. அந்த நூலே இரவோடு இரவாக அழிந்தது! அந்தக் குறிப்பிட்ட பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே எல்லாக் கருவிகளிலிருந்தும் அதை அழித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் போனதும் குறிப்புகள் எதைப் பற்றியவை என்றே தெரியாமல் அநாதையாகிவிட்டன. அவர் வழக்குப் போட்டார். நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இது ஒரு தவறு, திருத்திக்கொண்டார்கள் என்று விட்டுவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள். 2019ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை இழுத்து மூடியது. கடை மூடினால் சரக்கு வராது, அதுதானே நாம் அறிந்தது? இங்கே ஏற்கெனவே வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். மாணவன் ஓரத்தில் எழுதிய குறிப்புக்கு 25 டாலர் விலை!

ஜவுளிக் கடைச் சகோதரரே, நாளை நீங்கள் கடையை மூடுகிறீர்கள் என்று வையுங்கள். இதுவரை உங்களிடம் சட்டைத் துணி எடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுப்பீர்களா? விற்றது விற்றதுதானே!

2025 பிப்ரவரி 26 முதல் இன்னொரு கதவும் மூடியது. கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் ஒரு பிரதியாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி அதுவரை இருந்தது. அமேசான் அதை நிறுத்திவிட்டது.

என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. என் கருவிக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவன் என் மருமகப் பிள்ளை. அவனுடைய மின்னஞ்சலைத்தான் போட்டிருந்தான். அவன் வேலைக்கு வெளிநாடு போனான், அந்த மின்னஞ்சலை விட்டுவிட்டான், கடவுச்சொல் மறந்தது. என் முந்தைய கருவி பழுதானபோது, நான் பணம் கொடுத்த நூல்களுக்குள் நானே நுழைய முடியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்கள்! தவறு எங்களுடையதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்தேன். என் அலமாரிச் சாவி தொலைந்தால் பூட்டை உடைத்துக் கித்தாபை எடுத்துவிடுவேன். இந்தப் பூட்டை எங்கே போய் உடைப்பது?

வக்ஃபு செய்ய முடியுமா?

இப்போது நம் வழக்குக்கு வருகிறேன். அந்தச் சகோதரர் பணம் தந்தது ஸதகத்துல் ஜாரியாவாக. ஒருவர் மறைந்த பின்னும் அவர் ஏட்டில் நன்மை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், அவர் விட்டுச் சென்றது நிலைத்திருக்க வேண்டும்; பலர் கைக்குப் போய்ப் பயன்பட வேண்டும்.

ஃபிக்ஹு ஓதியவர்களுக்குத் தெரியும், நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்வதில் பேச்சில்லை. எடுத்துச் செல்லக்கூடிய பொருளை வக்ஃபு செய்யலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், மக்கள் வழக்கத்தில் உள்ள பொருளாக இருந்தால் கூடும் என்றார்கள். கித்தாபுகளின் வக்ஃபு அந்த வழியில்தான் வருகிறது. பக்தாதிலும் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் நூலகங்கள் இப்படித்தான் நிறைந்தன. பழைய கையெழுத்துப் பிரதிகளின் முதல் பக்கத்தில், இது வக்ஃபு, விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ கூடாது என்ற வாசகத்தைப் பார்க்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வக்ஃபு செய்பவருக்கு அந்தப் பொருள் சொந்தமாக இருக்க வேண்டும்! வாடகைக்கு எடுத்த சைக்கிளை யாராவது பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்ய முடியுமா? கருவியை வக்ஃபு செய்யலாம், அது காசு கொடுத்து வாங்கிய பொருள். அதற்குள் உரிமம் பெற்று வைத்திருக்கும் நூலை வக்ஃபு செய்ய முடியாது. வாரிசுக்குப் பங்கு வைக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் தர முடியாது.

மேல்நாட்டு நூலகங்களுக்கே இந்தக் கதிதான். 2011ல் ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகம் நூலகங்களுக்கு ஒரு விதி வைத்தது. நாங்கள் தரும் மின்னூலை 26 முறை இரவல் கொடுக்கலாம். 27ஆவது ஆளுக்குக் கொடுக்க வேண்டுமானால் மறுபடி பணம் கட்டு! நம் ஊர் படிப்பகத்தில் எத்தனை புத்தகம் 26 பேர் கைமாறியும் இன்னும் தையல் பிரியாமல் நிற்கிறது என்று அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பெரியவர்களுக்கும் சில வார்த்தை

இதுவரை கேட்டு முன்வரிசைப் பெரியவர்கள் புன்னகைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது.

புதிய கருவி என்பதற்காகவே ஒதுக்கி வைப்பது அறிவுடைமையா? ஐரோப்பாவில் குட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சடித்தார். இஸ்தான்புல்லில் யூதர்கள் 1493லேயே அச்சகம் வைத்துவிட்டார்கள். ஆர்மீனியர்கள் 1567ல் வைத்தார்கள். அதே நகரத்தில் இப்ராஹீம் முதஃபர்ரிகா என்பவர் நமது எழுத்தில் அச்சடிக்க அனுமதி பெற்றது 1727ல்! முதல் நூல் வெளிவந்தது 1729ல். அதுவும் மார்க்க நூல்களைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் பல சொல்வார்கள். எந்தக் காரணமானாலும் இழப்பு யாருக்கு? நமக்கு!

அச்சு வந்திராவிட்டால் நம் தமிழ் முஸ்லிம்களின் செல்வம் என்னவாகியிருக்கும்? 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைச்சுவடியில் கிடந்தது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஊர் ஊராக ஏடு தேடி ஒப்பிட்டு, 1842ல் அச்சேற்றினார். அதனால்தான் அது நம் கைக்கு வந்தது. அன்று ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றியவரை நாம் வாழ்த்துகிறோம். இன்று காகிதத்திலிருந்து மின்வடிவத்துக்கு மாற்றுகிறவரை ஏன் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்?

காகிதம் அழியாதது என்று யார் சொன்னது? 1981ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டு நூலகங்கள் சேற்றில் கரைந்தன! கரையான் அரித்த கித்தாபை நானே கண்ணீரோடு கிணற்றில் போட்டிருக்கிறேன். ஈழத் தமிழர்கள் 2005ல் 'நூலகம்' என்ற பெயரில் இணையத்தில் ஏடுகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1998ல், மதுரைத் திட்டத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் கிடைக்கின்றன. இவை யாருடைய குத்தகையும் அல்ல. நீங்கள் பிரதி எடுக்கலாம், பத்துக் கருவியில் வைக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஆக, கோடு எங்கே விழுகிறது? காகிதத்துக்கும் மின்சாரத்துக்கும் நடுவே அல்ல. நம் கைவசம் நிற்கும் பிரதிக்கும், பிறர் பூட்டில் இருக்கும் பிரதிக்கும் நடுவேதான் கோடு விழுகிறது! உதுமான் (ரலி) அவர்கள் குர்ஆனைப் பிரதியெடுத்து ஒரு பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். பல ஊரில், பல கையில், பல நெஞ்சில் இருக்கும்போதுதான் எழுத்து பாதுகாப்பாக இருக்கிறது.

எது மனதில் தங்குகிறது?

மாணவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2018ல் ஸ்பெயினின் வாலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதற்கு முன் பல நாடுகளில் நடந்த 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மொத்தம் 1,70,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருந்தனர். பாடநூல், தகவல் நூல் போன்றவற்றைக் காகிதத்தில் படித்தவர்களே திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதிலும் நேரம் குறைவாக இருக்கும்போது இடைவெளி கூடியது. கதை படிப்பதில் அப்படி வேறுபாடு தெரியவில்லை.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கணினித் திரையைப் பற்றியவை. கிண்டிலையே வைத்துச் செய்த ஆய்வும் உண்டு. 2019ல் வெளிவந்தது. 50 பேருக்கு ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்து, பாதிப் பேரைப் புத்தகத்திலும் பாதிப் பேரைக் கிண்டிலிலும் படிக்க வைத்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இருவரும் சமம். எந்தச் சம்பவம் முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் புத்தகம் படித்தவர்கள் முந்தினார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. என் கித்தாபில் ஒரு மஸ்அலாவைத் தேடினால், இடப்பக்கம், கீழே, ஓரத்தில் மை கொட்டிய இடத்துக்கு மேலே என்று கை தானாகப் போகிறது. கருவியில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான்!

ஸ்வீடன் நாட்டைப் பாருங்கள். பள்ளிகளில் திரைகளை அதிகம் புகுத்திய நாடு. 2023ல் அந்த அரசே பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க 68 கோடியே 50 இலட்சம் குரோனா ஒதுக்கியது.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. செல்போனில் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதில் வாட்ஸ்அப் மணி அடிப்பதில்லை. கொள்முதலுக்காக மாதத்தில் பாதி நாள் லாட்ஜில் தங்கும் வியாபாரிக்கு இது வரப்பிரசாதம். முக்கியமாக, கண் மங்கிய முதியவர்களுக்கு! எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக் கொள்ளலாம். எந்த அச்சகமும் செய்து தர முடியாத உதவி அது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ் நூல்கள் பல, பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. சிறிய திரையில் அவை எறும்பு ஊர்ந்தது போலத் தெரியும். எழுத்துப் பெரிதாகாது. தட்டச்சுச் செய்த, 'இபப்' வடிவக் கோப்பாக இருந்தால்தான் எழுத்தைப் பெரிதாக்க முடியும். கருவி வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிடிஎஃப் அனுப்பும் தம்பிகளே!

கசப்பான ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். "ஹஜ்ரத், நாங்கள் கடையிலேயே வாங்குவதில்லை. எல்லா நூலும் குழுவில் பிடிஎஃப்பாக வந்துவிடுகிறது" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். இருநூறு ரூபாய் விலை போட்டு, கடன் வாங்கிச் சில நூறு பிரதிகள் அச்சடித்த பதிப்பாளர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர் நூலை ஒருவர் படம் பிடித்துப் பத்துக் குழுவில் போட்டுவிட்டார். அவர் கிடங்கில் புத்தகம் அப்படியே கிடக்கிறது. இது மார்க்க சேவையா? 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியரின் உரிமை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டது. உங்கள் கடைச் சரக்கில் ஒரு கஜம் துணியை ஒருவன் எடுத்துக்கொண்டு "நன்மைக்காகத்தான்" என்றால் விடுவீர்களா? இது ஹக்குல் இபாத். அடியானிடம் பட்ட கடனை அடியானிடம்தான் தீர்க்க வேண்டும்!

இன்னொன்று. யார் அச்சிட்டது, யார் சரிபார்த்தது என்று தெரியாத கோப்பை நம்பாதீர்கள். முதன்முதலில் குர்ஆன் முழுவதையும் அச்சில் கொண்டு வந்தது யார் தெரியுமா? 1538 வாக்கில் வெனிஸ் நகரத்து இத்தாலியர்கள். வியாபாரம் செய்யலாம் என்று அச்சடித்தார்கள். எழுத்துப் பிழை மலிந்திருந்தது. முயற்சியும் தோற்றது. எங்கள் ஆசிரியர்கள் ஒரு பிரதியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்த பிறகே பாடம் எடுப்பார்கள். அந்த முகாபலா காகிதத்துக்கு மட்டுமல்ல, கருவிக்கும் வேண்டும். பதிப்பாளர் பெயர், ஆண்டு, மொழிபெயர்த்தவர் பெயர் மூன்றும் இல்லாத கோப்பு முகவரி இல்லாத சரக்கு!

தீர்ப்பு

சரி, ஐம்பதாயிரத்தை என்ன செய்வது? வக்ஃபு விஷயத்தில் கொடுத்தவரின் நிபந்தனை பெரிது. அதனால் நேற்று இரவு அந்தச் சகோதரரின் கடைக்கே போய்க் கேட்டேன். மேலே நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, கல்லாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ஹஜ்ரத், புத்தகமே வாங்குங்கள். அது நம்முடையதாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று. வாப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் சரியாகத் தெரியவில்லை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். எழுத்து பெரிதாகத் தெரியும் மெஷின் அப்போது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! ஒன்று மட்டும் வாங்கி வையுங்கள். வாப்பா மாதிரி யாராவது வருவார்கள்."

இதற்கு மேல் நான் என்ன தீர்ப்புச் சொல்ல!

எனவே நிர்வாகிகள் இப்படிச் செய்யட்டும். முப்பத்தைந்தாயிரத்துக்கு அச்சுப் புத்தகங்கள். பாடநூல், வரலாறு, தொழில், சட்டம், மார்க்கம் என்று மாணவனும் வியாபாரியும் திரும்பத் திரும்பப் புரட்டக்கூடியவை. பதிப்பாளரிடமே நேரில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் வக்ஃபு முத்திரை. வருடம் இருமுறை வெயிலில் காயவைத்துக் கரையான் பார்க்க இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்க வேண்டும். மீதிப் பணத்தில் ஒரே ஒரு வாசிப்புக் கருவி. அதில் உரிமப் பூட்டு இல்லாத, பிரதி எடுக்க அனுமதியுள்ள நூல்களை மட்டும் ஏற்றுங்கள். அவற்றின் பிரதியை இரண்டு கணினிகளில் தனியாக வையுங்கள். கணக்கு படிப்பகத்தின் பெயரில் இருக்கட்டும், எந்த மருமகப் பிள்ளையின் பெயரிலும் வேண்டாம்! கண் மங்கிய பெரியவர்களுக்கே முதல் உரிமை.

உங்கள் சொந்தக் காசில் நீங்கள் கருவி வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஒருமுறை படித்து விடும் நூலை அதில் படியுங்கள். வாடகை என்று தெரிந்தே வாடகை கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்கு விட்டுச் செல்ல விரும்பும் நூலை விலைக்கு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். என்னிடம் உள்ள ஒரு கித்தாபில் எனக்கு முன் அதை ஓதிய மூவரின் பெயர் இருக்கிறது. மூவரையும் நான் பார்த்ததில்லை. ஓரத்தில் அவர்கள் எழுதி வைத்த குறிப்பில்தான் நான் பாடம் படித்தேன். அதைத் திறக்கும்போதெல்லாம் அவர்களுக்காக துஆச் செய்கிறேன். நாலாவதாக என் பெயர் இருக்கிறது. ஐந்தாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இஷா ஜமாஅத்துக்கு நேரமாகிவிட்டது. தொழுகை முடிந்ததும் புத்தகப் பட்டியல் எழுத நிர்வாகிகள் இங்கேயே உட்காருவார்கள். வேண்டிய நூலின் பெயரைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள்.